கெஃப், ஐம்பத்தோரு இடம் காலி

விமான நிலைய வெளியூர் இணைப்பு வாரியத்தின் பேருந்தில் போய் இதுவரை ஒருவருக்குச் சிராய்ப்புகூட ஏற்பட்டதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாரியமே சொன்னதைத்தான் சொல்கிறேன்.

என் பெயர் நாஜி. பிரான்ஸில் மார்ஸே நகரத்தில் தரைக்கு ஓடு பதிக்கிறவன். செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடியற்காலைத் தொழுகை முடிந்த நேரத்தில், துனிசியாவில் எங்கள் ஊரான கெஃபிலிருந்து அக்கா ஸலூஹா போன் செய்தாள். அப்பா போய்விட்டார்.

"அஸர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம். நாலு மணிக்கு. வந்துருவேல்ல?" என்றாள்.

"ரெண்டு மணிக்கெல்லாம் வீட்ல இருப்பேன்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. முதல் விமானத்தில் இடம் கிடைத்தது. பத்தேகாலுக்குத் துனிஸ் விமான நிலையத்தின் வாசலுக்கு வந்துவிட்டேன். அங்கிருந்து கெஃப் மூன்று மணி நேரம். அழுகை வரவில்லை. விமானத்தில் கொடுத்த ரொட்டியைக்கூட முழுசாகத் தின்றேன். உடம்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது, நான் அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

எப்போதும் போல டாக்ஸி பிடித்து, பாப் சாதூனில் லுவாஜ் என்கிற ஷேர் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய், எட்டுப் பேரில் ஒருவனாக ஏறிவிடலாம் என்று நினைத்திருந்தேன். டாக்ஸிக்காரர் என் பெட்டியைத் தொடவில்லை.

"கெஃபா? வாரியம்தான் அண்ணே. வெளியூர் ஆளை லுவாஜ் ஸ்டாண்டுல இறக்கினா என் லைசென்ஸைப் புடுங்கிருவாங்க. அந்தா, பச்சைக் கொட்டகை."

பச்சைக் கொட்டகைக்குள் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். மார்பில் ரௌதா என்று பெயர்ப்பட்டை. கொட்டகையின் மறுபக்கம் ஒரு புதுப் பேருந்து நின்றது. ஐம்பத்திரண்டு இருக்கை. அவற்றின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை.

"பயண நோக்கம்?"

"எங்கப்பா இறந்துட்டார். அடக்கத்துக்குப் போறேன்."

அவள் திரையைப் பார்த்தாள். "சுற்றுலா, வியாபாரம், கல்வி, குடும்ப நிகழ்ச்சி. இதுல எது?"

"இதுல இல்லீங்களே."

"இல்லாததை நான் எப்படிண்ணே போடுறது? குடும்ப நிகழ்ச்சின்னு போட்டுக்கவா?"

"போடுங்க."

"அழைப்பிதழ் இருக்கா?"

"அடக்கத்துக்கு யாரும்மா அழைப்பிதழ் அடிக்கிறாங்க?"

"கோவிச்சுக்காதீங்க. அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும். அழைப்பிதழ் இல்லைன்னு போட்டுக்கிறேன். அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு." அவள் நல்ல பெண். வருத்தத்தோடுதான் அந்தக் கட்டத்தைத் தட்டினாள்.

பிறகு கடவுச்சீட்டையும் அடையாள அட்டையையும் வாங்கி, ஓர் இரும்புப் பெட்டியின் துளை வழியாக உள்ளே போட்டாள். பெட்டி பேருந்தோடு போகும், சேருமிடத்தில் திருப்பித் தருவார்களாம். பயணிகள் பாதி வழியில் இறங்கி லுவாஜ் ஏறிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. பெட்டியின் சாவி கெஃப் அலுவலகத்தில் இருக்கிறது என்பதையும் அவளே சொன்னாள்.

"பஸ் எத்தனை மணிக்கும்மா?"

"நிரம்பினதும் கிளம்பும்."

எனக்குத் தலை சுற்றவில்லை. நான் லுவாஜ் வண்டிக்காரரின் மகன். என் அப்பா ஷெத்லி முப்பத்தொரு வருஷம் கெஃப்-துனிஸ் தடத்தில் வெள்ளை வண்டியில் சிவப்புக் கோடு போட்டு ஓட்டியவர். எட்டாவது ஆள் உட்காராமல் ஒரு நாளும் சாவியைத் திருப்பியதில்லை. லுவாஜ் நிரம்பினால்தான் கிளம்பும், அதுதான் எங்கள் நாட்டு வழக்கம், யாருக்கும் அதில் வருத்தமில்லை. வாரியம் செய்தது ஒன்றுதான். லுவாஜை ஒழிக்க வந்தவர்கள் லுவாஜின் விதியை எடுத்து ஐம்பத்திரண்டு இருக்கைக்கு மாட்டிவிட்டார்கள்.

ஏறினேன். உள்ளே ஒருவரும் இல்லை. முதல் இருக்கையில் உட்கார்ந்தேன். கீழே சீருடையும் தொப்பியும் போட்ட ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வாயருகே கையைக் குவித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோலக் கூவினார்.

"மதிப்புக்குரிய பயணிகளே! கெஃப். ஐம்பத்தோரு இடம் காலி."

வாசலில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோரும் கெஃப் போகிறவர்கள்தான். எல்லோர் கையிலும் சீட்டு இருந்தது. ஒருவர் புது டிவிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். சிலர் காபிக் கடையில், சிலர் மரநிழலில். எல்லோர் கண்ணும் பேருந்தின் மேல். முதலில் ஏறுகிறவன்தான் அதிக நேரம் வேகவேண்டும் என்பது எங்கள் ஊரில் நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடும். கடைசி ஆளாக ஏறுவதில்தான் கெட்டிக்காரத்தனம். நாற்பது கெட்டிக்காரர்களும் மற்ற முப்பத்தொன்பது பேர் ஏறுவதற்காகக் காத்திருந்தார்கள்.

குளிர்சாதனம் வண்டி ஓடும்போது மட்டும்தான் வேலை செய்யும் என்று எழுதி ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் உறை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

தொப்பிக்காரர் ஜன்னலருகே வந்து என்னை உற்றுப் பார்த்தார். "உன் மூக்கை எங்கேயோ பாத்திருக்கேன். கெஃப்ல யாரு மகன் நீ?"

"ஷெத்லி மகன்."

அவர் தொப்பியைக் கழற்றினார். "நான் ஜல்லூல். பாப் சாதூன்ல இருபது வருஷம் உங்கப்பன் வண்டிக்கு ஆள் கூப்பிட்டவன்டா. காலையிலேயே சேதி வந்துருச்சு. கெஃப் லைன்ல ஒரு வண்டி இல்ல இன்னிக்கு, அத்தனை டிரைவரும் ஊருக்குப் போயிட்டாங்க. நான் மட்டும்தான் இங்க மாட்டிக்கிட்டேன். சம்பளம், பென்ஷன்னு சொல்லி இழுத்துட்டாங்க."

"அண்ணே, நாலு மணிக்கு அடக்கம். பழைய மாதிரி ஒரு குரல் கொடுங்களேன்."

அந்தப் பழைய குரல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வண்டியில் ஒருவர்கூட இல்லாதபோதும் ஜல்லூல், "கெஃப், கெஃப், கெஃப்! ஒரே ஒரு இடம்!" என்றுதான் கத்துவார். அப்பா அதற்கு ஒத்தாசையாக என்னையும் அக்காவையும் பின்னிருக்கையில் உட்கார வைப்பார். தலை தெரிந்தால் ஆள் ஏறும். ஆள் ஏறியதும் நாங்கள் இறங்கிக்கொள்வோம். மொத்த ஊரும் அந்தப் பொய்யில்தான் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

ஜல்லூல் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முடியாதுப்பா. உண்மை சொல்லும் பயிற்சின்னு ரெண்டு வாரம் உக்கார வச்சாங்க. சர்ட்டிபிகேட் கொடுத்திருக்காங்க. போன மாசம் வாய் தவறி 'கொஞ்ச இடம்தான்'னுட்டேன். எழுத்துல விளக்கம் கேட்டாங்க. கொஞ்சம்னா எத்தனைன்னு."

"இது ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகும்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் ஆகிவிட்டதால் கூவப் போய்விட்டார். "மதிப்புக்குரிய பயணிகளே! கெஃப். ஐம்பத்தோரு இடம் காலி."

பன்னிரண்டு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். "எங்கடா இருக்க?"

"பஸ்ல உக்காந்திருக்கேன்."

"அல்ஹம்துலில்லாஹ். எந்த ஊர் வந்திருக்கு?"

"விமான நிலையம்."

அவளுக்குப் பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. "குளிப்பாட்டிட்டாங்க. முகத்தை மூடாம வச்சிருக்கோம், நீ பாக்கணும்ல" என்று வைத்துவிட்டாள்.

நான் இறங்கி ரௌதாவிடம் போனேன். என் அட்டையைக் கொடுத்துவிடும்மா, தனி வண்டி பிடித்துக்கொள்கிறேன் என்றேன். அட்டையும் கடவுச்சீட்டும் இல்லாமல் நெடுஞ்சாலையின் முதல் சோதனைச் சாவடியைக்கூடத் தாண்ட முடியாது.

"சாவி கெஃப்ல இருக்கே அண்ணே. நீங்க அங்க போனாத்தான் திறக்க முடியும்." அவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது. "இன்னொண்ணு. நீங்க இறங்கிட்டீங்க. இருக்கையில அமர்ந்தவர்தான் பயணின்னு விதி. ஜல்லூல் இப்ப ஐம்பத்திரண்டுன்னு கூவணும்."

அவர் கூவினார். மரநிழலில் இருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். நான் திரும்பப் போய் உட்கார்ந்தேன். டிவிப் பெட்டிக்காரரைக் கெஞ்சினேன். "வாங்கண்ணே, நீங்க ஏறினா நாலு பேர் ஏறுவாங்க."

"ஏன், அந்த நாலு பேர் ஏறினா நான் ஏற மாட்டேனா?" என்றார் அவர். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

ஒன்றரை மணிக்கு மூன்று கறுப்புக் கார்களும் அவற்றின் பின்னால் நாலு வேன்களும் வந்தன. வாரியத்தின் நூறாவது நாள் விழாவாம். இயக்குநர் ஃபௌஸி பெல்கைத் இறங்கினார். கொடி, மைக், தட்டு நிறைய மக்ரூத் இனிப்பு, எல்லாம் இறங்கின. இயக்குநரோடு சேர்த்துத் தலைமையகத்து அதிகாரிகள் ஐம்பத்தோரு பேர் வந்திருந்தார்கள். ஏன் ஐம்பத்தோரு பேர் என்று பிறகு தெரிந்தது.

இயக்குநர் மைக்கைத் தட்டினார்.

"சகோதர சகோதரிகளே! லுவாஜ் காலத்தில் பயணி என்பவர் ஏமாற்றப்பட்டார். ஒரு இடம்தான் என்றார்கள், ஏழு இடம் இருந்தது. இன்று என்ன நிலை? நூறு நாளில் எங்கள் ஊழியர் ஒரு பொய் சொன்னதில்லை! நூறு நாளில் ஒரு விபத்து இல்லை. ஒரு டயர் பஞ்சர் இல்லை. ஒரு நிமிடத் தாமதம் இல்லை, ஏனென்றால் நேரம் என்று எதையும் அறிவித்து மக்களை நாங்கள் அவசரப்படுத்தவில்லை. டீசல் செலவில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மிச்சம்! கெஃப் அலுவலகத்தில் வைத்திருக்கும் புகார்ப் பெட்டியில் இதுவரை ஒரு கடிதம்கூட விழவில்லை. இப்படியொரு போக்குவரத்து உலகத்தில் வேறு எங்காவது உண்டா?"

அதிகாரிகள் கைதட்டினார்கள். ஓட்டுநரும் தட்டினார். அவர் நூறு நாளும் காலையில் வந்து, வண்டியைத் துடைத்து, ஒருமுறை ஓடவிட்டு அணைத்து, மாலையில் வீட்டுக்குப் போகிறவர்.

பிறகு படம் எடுக்க வேண்டியிருந்தது. நிரம்பிய பேருந்து என்று செய்தித்தாளுக்கு ஒரு படம். ஐம்பத்தோரு அதிகாரிகளும் வரிசையாக ஏறி உட்கார்ந்தார்கள். இயக்குநர் என் பக்கத்தில் இரண்டாம் எண் இருக்கையில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக் குலுக்கியபடி கேமராவைப் பார்த்தார். எனக்குச் சின்ன வயதில் பின்னிருக்கையில் உட்கார்ந்த ஞாபகம் வந்தது. நாங்கள் இரண்டு பேர் செய்த வேலைக்கு இங்கே ஐம்பத்தோரு பேருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

வெளியே நாற்பது கெட்டிக்காரர்களும் எழுந்து நின்றார்கள். ஜன்னல் முழுக்கத் தலைகள். ஜல்லூல் அந்தத் தலைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தரையில் வீசினார். இருபது வருஷத்துக் குரல் வெளியே வந்தது.

"கெஃப்! கெஃப்! கெஃப்! ஒரே ஒரு இடம்! ஓடியா, ஓடியா!"

டிவிப் பெட்டிதான் முதலில் உள்ளே வந்தது. அதன் பின்னால் எல்லோரும் வந்தார்கள். அதிகாரிகள் இறங்கப் பார்த்தார்கள், ஜனம் ஏறப் பார்த்தது. நடுவில் ரௌதா பதிவேட்டோடு படியில் நின்றாள்.

"ஐயா, நீங்க இறங்க முடியாது" என்றாள் இயக்குநரிடம். "இருக்கையில அமர்ந்தவர் பயணி. வண்டி நிரம்பினப்புறம் ரத்துப் படிவம் போட்டாத்தான் பேரை எடுக்க முடியும். பயண நோக்கம் சொல்லுங்க."

"நான் இந்த பஸ்ல எங்கேயும் போறதுக்கில்லம்மா!"

"அது பட்டியல்ல இல்லையே ஐயா."

விதியை எழுதியவர் அவர்தான். கொஞ்சம் யோசித்து, "சுற்றுலான்னு போடு" என்றார். ஐம்பத்தோரு பேருக்கும் சுற்றுலா என்று போட்டு, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கி, ஒவ்வொருவராக இறக்கி, அந்த இடத்தில் சீட்டு வைத்திருந்தவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்தார்கள். குறைந்த சில இருக்கைகளுக்கு, அடுத்த விமானத்தில் வந்தவர்கள் கூட்டத்தைப் பார்த்துத் தாமாகவே ஓடி வந்தார்கள். மணி மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தபோது, வாரியத்தின் சரித்திரத்தில் முதன்முறையாகப் பேருந்து நகர்ந்தது. இயக்குநர் கையசைத்தார். அவர் முகத்தில் பயம் தெரிந்தது. விபத்து இல்லாத நூறு நாள் முடிவுக்கு வந்துவிட்டதல்லவா.

நகரத்தைத் தாண்டியதும் அக்காவுக்குச் சொன்னேன்.

"ஆறு ஆகும்க்கா. கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லேன்."

"சொல்லிப் பாக்கிறேன்" என்றாள்.

மெஜஸ் எல் பாப் தாண்டியது. அஸர் பாங்கு ஏதோ ஊரில் கேட்டது. குளிர்சாதனம் நன்றாக வேலை செய்தது. பக்கத்தில் டிவிப் பெட்டிக்காரர் தூங்கி என் தோளில் விழுந்தார். தபர்சுக் மலையேற்றம் தொடங்கும்போது, நாலு நாற்பதுக்குப் போன் வந்தது.

"கொண்டு போயிட்டாங்க" என்றாள் அக்கா. "டிரைவருங்க எல்லாம் அப்பாவைச் சுத்தி நின்னுக்கிட்டு ஜனாஸாவைத் தூக்க விடலடா. இன்னும் ஒரு ஆள் வரணும், ஒரு இடம் பாக்கி வச்சுக்கிட்டு ஷெத்லி என்னிக்காவது கிளம்பியிருக்கானான்னு இமாமோட சண்டை. அவரும் அரை மணி நேரம் பொறுத்தார். அதுக்கு மேல ஜனாஸாவைக் காக்க வைக்கக் கூடாதுன்னுட்டார்."

சரி என்றேன். கோபம் வந்திருக்க வேண்டும். யார் மேல் கோபப்படுவது? ரௌதா மேலா, டிவிப் பெட்டி மேலா? எல்லோரும் அவரவர் விதியைச் சரியாகத்தான் செய்தார்கள். மரத்துப்போன காலை ஊன்றி நிற்பதுபோல உள்ளே எதையோ ஊன்றி உட்கார்ந்திருந்தேன். முகத்தைப் பார்க்கவில்லை என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

ஆறு மணிக்குக் கெஃப். துனிஸிலிருந்து தகவல் போயிருந்தது. மேளமும் குழலும் வைத்து வரவேற்றார்கள். வாரியத்தின் மாகாண அதிகாரி என்னைக் கையைப் பிடித்து இறக்கினார்.

"முதல் இருக்கை! நம்ம முதல் பயணி!" தாளைப் பார்த்தார். "குடும்ப நிகழ்ச்சி! மாஷா அல்லாஹ்!" என்று சொல்லி, கல்யாண மாப்பிள்ளைக்குச் செருகுவதுபோல ஒரு மல்லிகைச் செண்டை என் காதில் செருகினார். மேளக்காரர் இன்னும் ஓங்கி அடித்தார். "நிகழ்ச்சி சீரும் சிறப்புமா நடக்கட்டும்!"

"முடிஞ்சிருச்சுங்க."

"அப்ப ரெட்டைச் சந்தோஷம்!" என்று என்னோடு படம் எடுத்துக்கொண்டார். பெட்டியைத் திறந்து அட்டையையும் கடவுச்சீட்டையும் கொடுத்தார். பக்கத்தில் புகார்ப் பெட்டி இருந்தது. அதன் சாவி எங்கே என்று கேட்டேன். விமான நிலையத்தில் பத்திரமாக இருக்கிறது என்றார்.

லுவாஜ் நிற்கும் இடத்தில் வண்டிகள் எல்லாம் நின்றன, ஓட்டுநர்கள் இல்லை. அப்பாவின் வண்டியில் மட்டும் அவருடைய கூட்டாளி ஹெதி உட்கார்ந்திருந்தார். என்னைக் கட்டிப்பிடித்தார். முன்னால் உட்காரச் சொன்னார். பின்னால் ஏழு இடம் காலியாக இருந்தது. பழக்கதோஷத்தில் இரண்டு பேரும் ஒருமுறை திரும்பிப் பார்த்தோம். ஹெதி சாவியைத் திருப்பினார்.

"முதல்ல கபருக்கா, வீட்டுக்கா?"

"அக்காவைப் பாத்துட்டுப் போவோம்."

வாசலில் நாற்காலி போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அப்பாவின் தடத்தில் ஓட்டுகிறவர்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தார்கள். ஒருவர் கையை நீட்ட வந்து பாதியில் நிறுத்தினார். ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஹெதிக்குக் கண்பார்வை குறைவு, வழியில் அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என் தோளில் சாய வந்தவள் அப்படியே நின்று, என் தலையின் பக்கவாட்டைப் பார்த்தாள்.

"நாஜி. காதுல என்னடா பூ?"

கையை உயர்த்தித் தொட்டேன். மல்லிகை இன்னும் வாடவில்லை. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"வாரியம் கொடுத்தது" என்றேன்.